கமுகம்பாளைக் குளியல்

பாளை என்றால் என்ன என்பதில் எங்கள் மாவட்டத்தின் கிழக்கும் மேற்கும் ஒத்துப்போவதில்லை. நான் ஆரல்வாய்மொழிக்காரன். எங்கள் பக்கம் பாளை என்றால் தென்னம்பாளை. தென்னம்பூவை மூடியிருந்து, காய்ந்து விழுந்ததும் சின்ன மீன்பிடி வள்ளம் போலக் கிடக்குமே, அது. என் மனைவியின் ஊர் குலசேகரத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. அங்கே பாளை என்றால் கமுகம்பாளை. விருந்துகளில் பாக்கு மட்டைத் தட்டு வைக்கிறார்களே, அது செய்யும் மட்டை. கமுகிலிருந்து ஓலை உதிரும்போது அடியில் அகலமாக, தோல் போல வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு ஊருக்கும் இடையே இரண்டு பஸ் ஏறினால் போதும். ஆனால் இந்த வித்தியாசம் என் மகள் பிறந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது, அதுவும் கொஞ்சம் பிந்தி.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராகப் போய், ஓட்டப் படித்து, நாசிக் வெங்காயம் வரைக்கும் ஏற்றியிருக்கிறேன். எர்ணாகுளத்தில் டைல்ஸ் ஒட்டினேன். கல்ஃபுக்குப் போன இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், சம்பளம் நின்றுபோனது, ஒரு கோடையைக் குப்பூஸ் ரொட்டியும் பருப்புமாகக் கழித்துவிட்டு ஊர் திரும்பினேன். எங்கள் ஊர்க் காற்றாலைக் கோபுரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்திருக்கிறேன். எந்த வேலையிலும் யாரும் என்னைத் துரத்தியதில்லை. கொஞ்ச நாளானால் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். மழைக்கு முன்னால், பால் வெட்டும் இடம் நனையாதபடி ரப்பர் மரங்களுக்குப் பிளாஸ்டிக் கட்ட ஒரு கூட்டத்தோடு குலசேகரம் போனபோது, தோட்டத்துச் சொந்தக்காரரின் மகள் எங்களுக்குச் சாயா கொண்டுவந்தாள். அவளைத்தான் கட்டினேன். அவளுடைய அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. மகளின் பிடிவாதத்துக்கு முன்னால் அவரால் நிற்க முடியவில்லை.

முதல் பிரசவம் பெண் வீட்டில்தான் பார்க்க வேண்டும். என் மாமியார் இறந்து பல வருஷமாகியிருந்தது. வீட்டில் மாமனார் மட்டும். சின்னத் தோட்டம், தானே ரப்பர் மரத்தில் பால் வெட்டி, தானே அதை ஷீட்டாக அடித்து உலர்த்துகிறவர். ஆள் இல்லாத வீட்டில் எப்படிப் பார்ப்பீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு, முறை முறைதான் என்று சொல்லிவிட்டார். ஆள் பற்றாததால் நானும் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. அதனால் வயிற்றில் தையலோடு ஒரு பெண், அவளுக்கு வெந்நீர் வைக்கக்கூடப் பயப்படும் இரண்டு ஆண்கள், துணிமூட்டை போல ஒரு பிள்ளை என்று எங்கள் வீடு தொடங்கியது.

மாமனார் என்னை மரியாதை குறையாமல் 'நீரு' போட்டுத்தான் பேசுவார். அந்த மரியாதையில் ஒரு கை தூரம் இருந்தது. நான் கேட்கும்படியாகவே மகளிடம் சொன்னார், இவர் கால் ஒரு இடத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் உன்னையும் பிள்ளையையும் ஆரல்வாய்மொழிக்கு அனுப்புவேன் என்று. நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அப்பாவை அவள் மறுத்துப் பேசவில்லை. அவர் வெளியே போனதும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"எனக்கு அங்க வரதுக்கு பயம் ஒண்ணும் இல்ல. நானும் பிள்ளையும் மட்டும் இருக்கதுக்குண்ணா, இஞ்சயே இருக்கலாம்லா."

போகமாட்டேன் என்று இதற்கு முன்னாலும் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

தொப்புள்கொடி விழுந்த பிறகு குளிப்பாட்டினால் போதும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தார். அது விழுந்தது. பக்கத்து வீட்டில் ஒரு அக்கா உண்டு. அந்தப் பகுதியில் பிறக்கிற பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டிக் கொடுக்கிறவர். அவர் மறுநாள் காலையில் வருவதாக ஏற்பாடு. சாயங்காலம் மாமனார் என்னிடம், நல்ல பாளை ஒன்று பார்த்து எடுத்துக் கழுவி வைக்கும்படி சொன்னார். அந்த வீட்டில் அவர் எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு அது.

விடிந்ததும் அவர் பால் வெட்டப் போய்விட்டார். நான் பாளை தேடிக் கிளம்பினேன். ரப்பருக்கு நடுவில் தென்னை கிடையாது. குளத்தங்கரை வரை நடந்து, அங்கே இருந்ததிலேயே பெரிய தென்னம்பாளையாகப் பார்த்து எடுத்துவந்தேன். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கூர்முனை பிள்ளையைக் குத்திவிடக் கூடாது என்று அறுத்தேன். டைல்ஸ் வேலைப் பையில் கிடந்த உப்புத்தாளால் ஓரமெல்லாம் உரசினேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒழுகவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட வள்ளம் மாதிரி ஒன்றை இந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்களே என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

கிணற்றடியும் சுத்தமாக இருக்கட்டுமே என்று பெருக்கினேன். கமுகு மூட்டில், அதாவது மரத்தடியில், மட்டைகள் விழுந்து கிடந்தன. அகலமான மட்டைகள். காலில் தடுக்கின. எல்லாவற்றையும் வாரி, வெந்நீர் அண்டாவுக்கு அடியில் திணித்துத் தீ வைத்தேன். நன்றாக எரிந்தன.

மாமனாரும் குளிப்பாட்டும் அக்காவும் ஒன்றாகத்தான் வந்தார்கள். மாமனார் துவைகல்லில் பளபளவென்று இருந்த தென்னம்பாளையைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைய குளிப்பாட்ட வேண்டியத எரிச்சாச்சு. எரிக்க வேண்டியத குளிப்பாட்டி வச்சிருக்கேரு."

அக்கா சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் துவைகல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். இது கொதும்பு, அடுப்பெரிக்கத்தான் ஆகும் என்று எனக்கு விளக்கிச் சொல்ல அவருக்கு மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. தென்னம்பாளைக்கு அந்தப் பக்கம் கொதும்பு என்று பெயராம். உள்ளேயிருந்து என் மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னதும் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு, சிரிக்க வைக்காதீர்கள், தையல் பிரிந்துவிடும் என்று கெஞ்சினாள். அன்றைக்கு அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, காலிலேயே பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டினார். என்னுடைய வள்ளம் மறுநாள் வெந்நீருக்கு எரிந்தது. அன்று முதல் அக்காவுக்கு நான் 'கொதும்பு' ஆனேன். மீன் விற்க வருகிறவர் வரைக்கும் அந்தப் பேர் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் மாமனார் தானே ஒரு கமுகம்பாளை கொண்டுவந்தார். ஓலையை வெட்டிவிட்டு, ஓரத்தைச் சீவி, சரிவாகப் போட்ட பலகையில் விரித்தார். அதில் பிள்ளையைக் கிடத்தினால் உருளாது, வழுக்காது. ஊற்றுகிற தண்ணீர் தேங்காமல் கால் பக்கம் ஓடிவிடும். வெந்நீர் பட்டதும் பாளை லேசாக மணக்கும். கல்ஃபிலிருந்து மைத்துனர் முறையுள்ள ஒருவர் கொடுத்தனுப்பிய இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று கட்டிலுக்கடியில் இருந்தது. அதில் மாமனார் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருந்தார்.

பாளைக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்தால் சுருண்டு, ஓரம் கத்தி போல ஆகிவிடும். தினமும் நனைத்து, மேலே கல் வைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்த அதே மூச்சில் மாமனார் அக்காவிடம், பாளை காய்வதற்கு முன்னால் இவர் போய்விடுவார் என்றார். நான் ரோஷக்காரன் இல்லை. எத்தனையோ மேஸ்திரிகளிடம் இதைவிடக் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று முதல் சாயங்காலம் பாளையை நனைப்பதை நான் எடுத்துக்கொண்டேன். காய்ந்தால்தானே.

மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா வந்தது. அங்கே பெண்கள் இருமுடி கட்டிப் போவார்கள், அக்காவும் போகிறவர், திரும்பிவரச் சில நாள் ஆகும். அதுவரை துணியை நனைத்துத் துடைத்தால் போதும் என்றார் மாமனார். என் மனைவி, இவர் குளிப்பாட்டட்டும் என்று சொல்லிவிட்டாள். சொன்னதைக் கேட்டு என்னைவிட மாமனார்தான் அதிகம் பயந்தார். அக்கா என் கையை இழுத்து உள்ளங்கையில் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். சிமெண்டும் கயிறும் போட்ட காய்ப்பு.

"இது கையா, அரமா? இத வச்சு பிள்ளைய தொட்டா தோலு உரிஞ்சு போவும் மக்கா."

பிள்ளைக்கென்று தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய் வீட்டில் இருந்தது. மாமனாரே உரித்த தேங்காய், நான் துருவியது, இரண்டு பேரும் மாறி மாறிக் கிண்டியது. அடியில் கருகாமல் நின்ற சக்கையில் சர்க்கரை போட்டு இருவருமே தின்று தீர்த்துவிட்டு மனைவியிடம் திட்டு வாங்கியதும் உண்டு. அந்த எண்ணெயில் தெச்சிப்பூ என்கிற இட்லிப்பூவைப் போட்டுக் காய்ச்சிக் கையில் ஊற்றி ஊறவிடச் சொன்னார் அக்கா. நான் ஊறவிட்டேன். சாப்பிடும்போது தட்டு வழுக்கியது, கதவுத் தாழ்ப்பாள் வழுக்கியது. கை மெல்ல மெல்ல இளகியது. என் கை அவ்வளவு மிருதுவாக ஆகும் என்று எனக்கே தெரியாது.

தனியாகக் குளிப்பாட்டிய முதல் காலை நன்றாக நினைவிருக்கிறது. மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு உத்தரவு போட்டாள். மாமனார் பலா மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, காய்ந்து முடிந்த ரப்பர் ஷீட்டைத் திரும்பத் திரும்பத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் பூசிய பிள்ளை விலாங்கு மாதிரி கையில் நிற்கவில்லை. அழுதுகொண்டே நழுவியவளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய பாளையில் முதுகு பட்டதும் அவள் அழுகையை நிறுத்தினாள். மூடியே வைத்திருந்த கையை விரித்தாள். அடுத்து பாளையிலேயே மூத்திரம் பெய்தாள். அதுவும் ஓடிக் கால் பக்கம் போயிற்று. பயற்றுப்பொடி போட்டு, கழுத்து மடிப்பில் அழுக்கு எடுத்து, கண்ணில் படாமல் தலைக்கு ஊற்றி, துவர்த்துத் துண்டில் சுருட்டி மனைவி மடியில் வைத்தேன். பலா மரத்துப் பக்கமிருந்து, காதுக்குப் பின்னால் துடைத்தாயிற்றா என்று ஒரு குரல் வந்தது. துடைக்கவில்லை. துடைத்தேன்.

அது ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலம். பால் குறைந்துவிடும். அங்கே ரப்பர் பாலைச் சும்மா பால் என்றுதான் சொல்வார்கள். டவர் சரியாகக் கிடைக்காததால் மாமனார் ரோட்டோரம் போய் நின்று போனில் கத்துவார். ஒருநாள் ரப்பர் கடைக்காரரிடம் கத்தினார்: "பாலே இல்ல கேட்டியா. காலத்த பாத்தா சொட்டு சொட்டாத்தான் வருது. நானும் என்ன செய்யதுக்கு?"

ரோட்டில் போன யாரோ கேட்டிருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் ஒரு வீட்டிலிருந்து முருங்கைக்கீரை வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து உரித்த பூண்டு ஒரு கிண்ணம். மீன்காரப் பெண் எங்கள் வீட்டுக்கென்றே எடுத்து வைத்ததாகச் சொல்லி ஒரு பால்சுறாவை முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதில் புட்டு செய்து கொடுப்பார்கள். இதெல்லாம் ஏன் வருகிறது என்று புரியாமல் என் மனைவி விசாரித்தாள். பதில் கிடைத்ததும் அவள் முகம் சிவந்த சிவப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிள்ளை அப்போதுதான் வயிறு முட்டக் குடித்துவிட்டு வாயோரம் வழிய உறங்கிக்கொண்டிருந்தது.

"ஆருக்குப்பா பால் இல்ல? எனக்கா, உங்களுக்க மரத்துக்கா?"

மாமனார் துவர்த்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்தைப் பார்த்து நடந்தார். நான் சுறாவைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"மாமா, இத எந்த ரப்பர் மூட்டுல போடணும்?"

அவர் நின்றார். திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு என்று எனக்கு விளங்கியது. அன்றைக்கும் மறுநாளும் மூன்று பேரும் சுறாப் புட்டு தின்றோம். கொதும்புக் கதையை அவர் அதற்குப் பிறகு வெளியாட்களிடம் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் பழைய லாரிக் கூட்டாளி போன் செய்தான். நாகர்கோவிலிலிருந்து நாசிக்குக்கு லோடு, காலையில் கிளம்புகிறது, இன்னொரு டிரைவர் வேண்டும். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் கால் அரித்தது. வீட்டைவிட்டு வெளியே எங்கும் போகாமல் நான் அவ்வளவு நாள் இருந்ததே இல்லை. நானும் ரோட்டோரம் நின்று கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அதனால் வீட்டில் எல்லோர் காதிலும் விழுந்தது.

சாயங்காலம் பாளையை நனைக்கக் கிணற்றடிக்குப் போனேன். அது ஏற்கெனவே நனைந்திருந்தது. கல்லும் வைத்திருந்தது. மாமனார் ஷீட் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார், என் பக்கம் பார்க்கவில்லை. இனி இது தன் வேலைதான் என்று அவர் முடிவு செய்துவிட்டிருந்தார். அவர் கிண்டல் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காலையில் என் பை அலமாரிக்கு மேலே வழக்கமான இடத்தில் இருந்தது. நான் அதை எடுக்கவுமில்லை, எடுக்காமலிருக்கத் தீர்மானிக்கவுமில்லை. மனைவி எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

"போறதுண்ணா பிள்ளைய குளிப்பாட்டிட்டு போங்க."

குளிப்பாட்ட உட்கார்ந்தேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. இடது கையில் பிள்ளையின் தலை. வலது கையால் போனைத் தள்ளிப் பார்த்தேன். எண்ணெய் விரலை அது சட்டை செய்யவில்லை. மறுபடி தள்ளினேன், கண்ணாடியில் கோடுதான் விழுந்தது. அடித்து அடித்து நின்றுபோனது. குளிப்பாட்டி, துவர்த்தி, மனைவி பால் கொடுத்ததும் தொட்டிலில் போட்டு ஆட்டி, அவள் உறங்கியபிறகு கையைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவன் ஆரல்வாய்மொழி தாண்டிவிட்டிருந்தான். என்னை ஏசிவிட்டு வைத்தான்.

நான் பெரிய முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. எண்ணெய்க் கையால் போன் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அடுத்த தடவை அவன் கூப்பிட்டபோது என் கை காய்ந்துதான் இருந்தது. வரவில்லை என்று சொன்னேன். நாகர்கோவிலில் ஒரு காண்டிராக்டரிடம் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற டைல்ஸ் வேலை கேட்டு வாங்கினேன். குளிப்பாட்டிவிட்டுத்தான் வருவேன், கொஞ்சம் பிந்தும் என்று அவரிடம் சொன்னபோது, எந்த ஆற்றில் என்று கேட்டார். நான் குளிக்கிறதைச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

இதற்கிடையில் அக்கா கொடை முடிந்து வந்து, நான் குளிப்பாட்டுவதை ஒரு காலை முழுக்க நின்று பார்த்தார். ஒன்றிரண்டு குறை சொல்லிவிட்டு, இனி நான் எதுக்கு என்று வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார். பாளைகள் கிழியக் கிழிய மாற்றினேன். எந்தக் கமுகில் அகலமான பாளை விழும், எதில் ஓரம் முரடாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொப்பென்று சத்தம் கேட்டால் மாமனாரும் மனைவியும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

வைகாசியில் ஒருநாள் மாமனார், நல்ல நாள் பார்த்திருப்பதாக மகளிடம் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்டாள். ஆரல்வாய்மொழிக்குப் போகத்தான், வேறு எதற்கு என்றார். மறுநாள் தோட்டமெல்லாம் சுற்றி, உள்ளதில் பெரிய பாளையாக ஒன்று எடுத்துவந்து சீவிக்கொண்டிருந்தார். கிழக்கே கமுகு கிடையாது, அங்கே போய் மறுபடி கொதும்பைத் தேய்ப்பதற்கா என்று அக்காவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

எங்களைக் கொண்டுவிட அவரும் வந்தார். இரண்டு பஸ்ஸிலும் பாளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உட்கார இடம் கிடைத்தபோதும் உட்காரவில்லை, பாளை மடங்கிவிடுமாம். கண்டக்டர் இது என்ன என்று கேட்டதற்கு, பேத்திக்க கட்டில் என்றார்.

ஆரல்வாய்மொழியில் இறங்கினோம். காற்று தொடங்கிவிட்டிருந்தது. அந்த மாதத்தில் எங்கள் ஊரில் இறங்குகிறவர்கள் முதலில் வேட்டியைப் பிடிப்பார்கள். மாமனாருக்கு அது தெரியாது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்தவர், பிறகு மற்ற கையாலும் பிடித்தார். பாளை அவர் கக்கத்திலிருந்து உருவிக்கொண்டு மேலே போயிற்று. ரோட்டைத் தாண்டியது, தரையில் உட்கார்ந்தது, மறுபடி எழுந்து உருண்டது. நான் பிள்ளையை வைத்திருந்தேன், மனைவி பைகளை வைத்திருந்தாள். மாமனார்தான் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்க, அந்தப் பொட்டல் வெளியில் பாளைக்குப் பின்னால் ஓடினார். அவர் குனியும்போதெல்லாம் அது ஒரு எட்டு முன்னால் போயிற்று. என் மனைவிக்குத் தையல் ஆறியிருந்தது. பைகளைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசியில் அது ஒரு வேலிக் கம்பியில் போய்ச் சிக்கியது. எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"நீரு ஓடுவேருண்ணுல்லா நான் பாத்துக்கிட்டு இருந்தேன். பாளயாக்கும் ஓடிச்சு."

நானும் சிரித்தேன். அவர் பாளையை என் கையில் திணித்துவிட்டுப் பிள்ளையை வாங்கப் போனவர், தன் கை முழுக்கப் புழுதி என்று பார்த்துவிட்டு நின்றார்.

"சும்மா பல்ல காட்டிக்கிட்டு நிக்காத மக்கா. காத்தடிக்குலா, பிள்ளைக்க காத மூடு."

பாளையைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு, பிள்ளையைச் சுற்றியிருந்த துவர்த்தை இழுத்துக் காதை மூடினேன்.